தலைக்கட்டுக் கணக்கில் இல்லாத பெயர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் கழுத்தில் கட்டி இருப்பது பெரிய செய்தி அல்ல. நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நிமிரும் பெண்களில் யாராவது ஒருத்திக்குத் தொண்டைக்குழிக்கு மேலே சின்ன மேடு தெரியும். கேட்டால், "அது பாட்டுக்குக் கெடக்கு, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்றுமுடியைப் பிரிப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். தைராய்டில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை புற்று அல்ல. புற்றாக இருப்பவற்றிலும் முக்கால்வாசிக்கு மேல் பாப்பில்லரி என்ற வகை. அது மெல்ல வளரும். வெட்டி எடுத்து, தேவைப்பட்டால் கதிரியக்க அயோடின் கொடுத்தால், அந்த நோயாளிகளில் மிகப் பலர் நெடுங்காலம் நலமாக இருக்கிறார்கள்.

அரிய கட்டிகளுக்கு இந்தக் கூட்டமே மறைவிடம். மெடுல்லரி என்ற வகை தைராய்டு புற்றுகளில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. அனாப்ளாஸ்டிக் அதைவிடக் குறைவு. தைராய்டிலேயே தோன்றும் லிம்போமாவும் அபூர்வம். இவை மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றும் வெளியே காட்டுவது ஒரே மேடுதான்.

என் அத்தைக்கு வந்தது மெடுல்லரி. அப்பாவின் உடன்பிறந்த தங்கை. அவருக்கு வந்ததால் இதைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, இது ஒருத்தருடைய கழுத்தோடு நிற்கிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

*

மருத்துவர் கட்டியைப் பார்க்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் எதிரே உட்கார்ந்து சும்மா பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு சொல்லும்போது விழுங்கச் சொன்னார். விழுங்கியபோது கட்டி மேலே ஏறி இறங்கியது. தைராய்டு மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால் விழுங்கும்போது கூடவே நகரும். அப்படி நகர்ந்தால் கட்டி தைராய்டில் இருக்கிறது என்று பொருள். பிறகு அத்தைக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கை விரல்களையும் கழுத்தின் முன்பக்கம் கொண்டுவந்து, இன்னொரு மடக்கு விழுங்கச் சொன்னார். தடவிக்கொண்டே கேள்வி கேட்டார். குரல் மாறியதா, விழுங்க அடைக்கிறதா, முகம் திடீரென்று சிவந்து சூடாகிறதா, அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டா.

கடைசிக் கேள்விக்கு அத்தை நிமிர்ந்தார். பல வருடமாக உண்டு. ஆற்றுத்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர், குடல் பலவீனம் என்று ஒருவர், மனக்கவலை என்று ஒருவர் சொல்லி, அதற்கெல்லாம் மாத்திரை சாப்பிட்டாயிற்று. கழுத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

சம்பந்தம் இருக்கிறது. தைராய்டு ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் ஒருவகை. அவற்றுக்கு இடையிடையே, கொஞ்சமாக, பெரும்பாலும் சுரப்பியின் மேல்பாதியில், சி செல்கள் என்று இன்னொரு வகை இருக்கிறது. அவை கால்சிடோனின் சுரப்பவை. அயோடினோடு அவற்றுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. மெடுல்லரி புற்று இந்த சி செல்களில் தோன்றுகிறது. அது ரத்தத்தில் கொட்டும் ஹார்மோன்கள்தான் சிலருக்கு வயிற்றுப்போக்காகவும் முகச் சிவப்பாகவும் வெளியே தெரிகின்றன.

கிளீவ்லாந்தில் ஹசார்ட், ஹாக், கிரைல் என்ற மூவர் 1959-இல் இதைத் தனி வகைப் புற்று என்று பிரித்து எழுதினார்கள். அது சி செல்லிலிருந்து வருகிறது என்று டில்வின் வில்லியம்ஸ் 1966-இல் சொன்னார். நுண்ணோக்கியின் கீழே வேறு மாதிரி இருக்கிறதே என்று யாரோ ஒருவர் நின்று பார்த்ததால் வந்த பிரிவு இது. அதற்கு முன்பு எத்தனையோ பேருக்கு இது வெறும் "தைராய்டு புற்று".

*

ஊசிப் பரிசோதனை. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. மரத்துப்போக மருந்துகூடப் போடவில்லை. ஸ்கேன் திரையில் கட்டியைப் பார்த்தபடியே ஊசியை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் சில தடவை அசைத்து எடுத்தார்கள். ஊசி நுனியில் இருந்தது ஒரு துளிகூட இல்லை. அதைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, இன்னொரு தகட்டால் ஒரே இழுப்பில் இழுத்தார் ஆய்வகப் பெண். சில தகடுகளை உடனே ஸ்பிரிட் ஜாடிக்குள் இறக்கினார், சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். இழுப்பு தடித்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், ஸ்பிரிட்டில் போட நேரமானால் உருக்குலையும் என்று வேலையைப் பார்த்தபடியே சொன்னார். அரிய நோய் கண்ணில் படுவதும் படாமல் போவதும் அந்தக் கையின் பழக்கத்தைப் பொறுத்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் மெடுல்லரி என்று சந்தேகம் எழுதியிருந்தது. அதை உறுதிசெய்ய ரத்தத்தில் கால்சிடோனின் பார்க்க வேண்டும். சாதாரணமாகப் பத்துக்குள் இருக்க வேண்டிய அளவு அத்தைக்கு நான்கு இலக்கத்தில் வந்தது. கால்சிடோனின் வெயிலில் நிற்காத பொருள். எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, சீரம் பிரித்து, உறையவைத்துத்தான் அனுப்ப வேண்டும். தேனிச் சித்திரையில் ஒரு குழாய் ரத்தம் பஸ்ஸில் மதுரை போய்ச் சேர்வதற்குள் அளவு குறைந்துவிட்டால், இல்லாத நிம்மதி ஒன்றை அந்தத் தாள் கொடுத்துவிடும். ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று கேட்பதை நோயாளியின் வீட்டார் கூச்சமாக நினைக்கக் கூடாது.

அயோடின் பற்றி ஒன்று. காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்தால் கழலை குறையும் என்று நாட்டுக்குக் காட்டியது. மகத்தான வேலை. ஆனால் அந்த உப்புக்கு மெடுல்லரியைத் தடுக்கும் வலு கிடையாது. கதிரியக்க அயோடினும் இதற்கு மருந்தாகாது, ஏனென்றால் சி செல்கள் அதை உள்ளே இழுப்பதே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்து நன்றாக வேலைசெய்த அதே வைத்தியம் இங்கே வெறும் காத்திருப்பாகப் போய்விடும். கத்தி எடுக்கும் முன்பே பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

*

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. வருஷக்கணக்காக இருந்த கழலை சில வாரங்களில் இருமடங்கு பெருத்து, மூச்சு இழுத்தது. உடன் வந்தவர்கள் முகத்தில் முடிவெடுத்த களை. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேகமாகப் பெருக்கும் கழுத்துக் கட்டி இரண்டு நோய்களில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று அனாப்ளாஸ்டிக். மனிதருக்கு வரும் புற்றுகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று, பெரும்பாலோருக்கு மாதங்களே மிச்சம். கட்டியில் பிராஃப் என்ற ஜீனில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு மட்டும் 2018 முதல் இரண்டு மாத்திரைகள் சேர்ந்த வைத்தியம் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கொஞ்சம் வாசல் திறந்திருக்கிறது. இன்னொன்று லிம்போமா. ஹஷிமோட்டோ என்ற நாள்பட்ட தைராய்டு அழற்சி உள்ள வயதான பெண்களுக்கே அதிகம் வருவது. அதற்குப் பெரிய அறுவை தேவையில்லை. கீமோவிலும் கதிர்வீச்சிலும் கட்டி கரையும், பலர் பிழைக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மெல்லிய ஊசியில் வரும் துளி இரண்டையும் பிரித்துச் சொல்லப் பல சமயம் போதாது. தடித்த ஊசியால் ஒரு சதைத் துணுக்கு எடுக்க வேண்டும்.

அந்தத் துணுக்கு எடுக்கும்வரை இருக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். இருந்தார்கள். பாட்டிக்கு என்ன வந்தது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் எழுதுவது முறையல்ல. பெயர் தெரியும் முன்னே ஒரு மனுஷியைக் கைவிடுவது மட்டும் பாவம் என்று நம்புகிறேன்.

*

மெடுல்லரி வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது பரம்பரையாக வருகிறது. ரெட் என்ற ஜீனில் ஏற்படும் மாற்றம் காரணம். ஜப்பானியரான தகாஹாஷி 1985-இல் அந்த ஜீனைக் கண்டார். பரம்பரை மெடுல்லரிக்கு அதுவே காரணம் என்று 1993-இல் தெரிந்தது. அந்த மாற்றம் இருக்கும் குடும்பங்கள் பலவற்றில் தைராய்டோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரும். அது நினைத்த நேரத்தில் அட்ரினலினைக் கொட்டும். தலைவலி, படபடப்பு, வேர்த்து ஊற்றுதல், ரத்த அழுத்தம் எகிறுதல். இது தெரியாமல் கழுத்து ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே உயிர் போகக்கூடும்.

ஆகவே கழுத்தைத் தொடும் முன் ஒருநாள் முழுக்க வரும் சிறுநீரைப் பெரிய கேனில் சேர்க்கச் சொன்னார்கள். அத்தைக்கு அதுதான் ஆபரேஷனைவிட அவமானமாக இருந்தது. சேலைத் தலைப்பால் கேனை மூடி எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கேன்தான் அவரைக் காப்பாற்றியது. வலப்பக்க அட்ரினலில் கட்டி இருந்தது. முதலில் அழுத்தத்துக்கு மாத்திரை, பிறகு அந்தக் கட்டி, அதன் பிறகே கழுத்து என்று வரிசை மாறியது.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்தாங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது அத்தை என்னைப் பார்த்தார். தாத்தா. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு ஏறும் பாதையில் நாற்பது வயதில் சுருண்டு விழுந்தவர். கடும் தலைவலிக்காரர், குளிர்காலத்திலும் சட்டை நனைய வேர்ப்பவர் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறோம். முனி அடித்துவிட்டது என்பது ஊர் பேச்சு. அவருக்கு இருந்தது இதுதானா என்று இனி எந்தச் சோதனையும் சொல்லாது. ஆனாலும் அந்தத் தலைவலியைப் பற்றி எங்கள் வீட்டில் முதன்முறையாக வேறு விதமாகப் பேசினோம்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மின்னா ரோல் என்ற பதினெட்டு வயதுப் பெண் இப்படித் தலைவலியும் படபடப்புமாக இறந்து, இரண்டு அட்ரினலிலும் கட்டி இருந்ததை ஃபிராங்கெல் 1886-இல் எழுதிவைத்தார். நூற்றிருபது ஆண்டு கழித்து, 2007-இல், நியூமன் என்பவரின் குழு அவளுடைய இன்றைய உறவினர்களைத் தேடிப்பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தது. ரெட் மாற்றம் அவர்களிடம் இருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய நோயாளியின் பெயரையும் ஊரையும் ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்ததால் உயிரோடிருப்பவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது.

*

வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தென்னிந்தியாவில் மெடுல்லரி புற்றில் தங்கள் இருபது ஆண்டு அனுபவத்தை 2007-இல் எழுதியிருக்கிறார்கள். ரெட் சோதனையும் அங்கே நடக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு 2023 ஜூனில் தொடங்கி வாரம் மூன்று நாள் ஓடும் ரயில் வேலூரை அடுத்த காட்பாடி வழியாகப் போவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

அந்தச் சோதனைக்கு முதலில் குடும்பப் படம் வரைய வேண்டும். சதுரம் ஆண், வட்டம் பெண். நோய் உள்ளவருக்குக் கறுப்பு அடைப்பு, இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. தாத்தாவின் சதுரம், அதன் கீழே அப்பா, அத்தை, அத்தையின் இரண்டு பெண்கள், நான். இதை வரைய ஊரில் நல்ல ஆவணம் இருக்கிறது என்று நினைத்தேன்: மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் வரி வசூலிக்கும் தலைக்கட்டு நோட்டு. பங்காளிகள் எத்தனை பேர், எந்த ஊரில் இருக்கிறார்கள், இறந்தவர் யார், எல்லாம் மூன்று தலைமுறைக்கு அதில் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவனும் வண்டன்மேட்டில் தங்கிவிட்டவனும் விடுபடவில்லை.

விடுபட்டிருந்தது பெண்கள். கட்டிக்கொடுத்த மகள் வேறு குலதெய்வத்துக்குப் போய்விடுகிறாள். வரி அந்தக் கோயிலுக்கு. இந்த ஜீன் மாற்றம் மகனுக்குப் போவதுபோலவே மகளுக்கும் போகிறது, பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோம்பைப் பக்கம் கொடுத்ததாக அப்பா சொன்னார். ஒரு சீர்வரிசைச் சண்டையில் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. நோட்டில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் பெற்றவர்கள், அவர்கள் பெற்றவர்கள், ஒரு வம்சமே படத்தில் வெற்றிடமாக நின்றது.

அப்பா கோம்பைக்குப் போனார். நாற்பது வருட விரிசலுக்குப் பிறகு, கையில் ஒரு சீப்புப் பழமும் அத்தையின் ரிப்போர்ட் நகலும் வைத்துக்கொண்டு. திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனார். அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் மேடு. "அது பாட்டுக்குக் கெடக்கு" என்றாராம்.

*

சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் வந்த வினை என்று ஊரில் பேசினார்கள். அத்தை கட்டியது தாய்மாமன் மகனை. உறவில் மணப்பது வேறு பல நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை; அங்கே தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இது அப்படி அல்ல. ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். உலகத்தின் மறுகோடியில் இருந்து மாப்பிள்ளை எடுத்திருந்தாலும் வாய்ப்பு அதேதான். அத்தையின் மாமியாரிடம் இதைத் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். வந்த மருமகளின் ராசி என்று பழிபோட்டிருந்தவர், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம்தான் எல்லாரையும் வாய்மூட வைக்கிறது. அத்தையின் இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுக்க வேண்டாம், தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று மாமா ஒரேயடியாக மறுத்தார். அவருடைய பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு சொல் கிளம்பினால் கூடலூரிலிருந்து ஆண்டிபட்டிவரை போய்த் திரும்பும். ஆனால் தெரியாமல் இருப்பதால் ஜீன் மாறிவிடாது. சோதித்து இல்லை என்று வந்தால் அவளுக்கும் அவள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் இந்தக் கவலை அத்தோடு தீர்ந்தது. இருக்கிறது என்று வந்தால், புற்று வரும் முன்போ, வந்து பரவும் முன்போ சுரப்பியை எடுத்துவிடலாம். ஒரு மாத்திரையோடு வாழலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறைத்துக் கட்டிய வீட்டில் நாளைக்கு அவள் பிள்ளைக்கு ரத்தம் எடுக்க எப்படிக் கேட்பாள்?

கடைசியில் அந்தப் பெண் தானே கையை நீட்டினாள்.

*

அத்தையின் கழுத்து ஆபரேஷன். தைராய்டு முழுவதும், சுற்றியுள்ள நெறிகளும். தைராய்டு அறுவையைப் பாதுகாப்பான வைத்தியமாக்கிய கோக்கருக்கு 1909-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்றைக்கும் அறுப்பவரின் கவனம் முழுக்க இரண்டு இடத்தில் இருக்கிறது: குரல்நாணுக்குப் போகும் நூல்போன்ற நரம்பு, கால்சியத்தைக் காக்கும் பட்டாணி அளவுகூட இல்லாத பாராதைராய்டு சுரப்பிகள். மயக்கம் தெளிந்ததும் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். கரகரப்பாக இருந்தாலும் வந்தது. மறுநாள் உதட்டோரம் எறும்பு ஊர்கிறது என்றார், கால்சியம் இறங்கியிருந்தது. ஊசி ஏற்றியதும் சரியானது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பகுதிச் செலவைத் தாங்கியது.

காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், அரைமணி கழித்துத்தான் காபி. கால்சிடோனின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அளவு ஏறினால், ஏறும் வேகத்தை வைத்து அடுத்து என்ன என்று முடிவெடுப்பார்கள். ரெட் ஜீன் உருவாக்கும் புரதத்தையே குறிவைக்கும் செல்பெர்காடினிப் என்ற மாத்திரை 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அதன் விலை எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்டாது.

*

வேலூர் தாள்கள் வந்தன. அப்பாவுக்கு அந்த மாற்றம் இல்லை. ஆகவே எனக்கும் இல்லை, என் பிள்ளைகளுக்கும் இல்லை. எங்கள் கிளைக்கு ரத்தமே எடுக்க வேண்டியதில்லை. இளைய மகளுக்கு இல்லை. மூத்த மகளுக்கு இருக்கிறது. அவளுடைய நான்கு வயதுப் பையனுக்கும் இருக்கிறது. கோம்பைப் பெண்ணுக்கு ஊசிப் பரிசோதனை முடிந்து, அவரும் காட்பாடி ரயிலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

ரெட் ஜீனில் எந்த எண்ணில் மாற்றம் என்பதைப் பொறுத்து வயது குறிக்கிறார்கள். 918 என்றால் பிறந்த முதல் வருடத்திலேயே சுரப்பியை எடுக்க வேண்டும். இவர்களுடையது 634. ஐந்து வயதிலோ அதற்கு முன்போ. பையனுக்குக் கழுத்தில் மேடு இல்லை, காய்ச்சல்கூட இல்லை, திண்ணையிலிருந்து குதித்து விளையாடுகிறான். ஒரு நோயும் இல்லாத பிள்ளையை எப்படி வெட்டக் கொடுப்பது என்று மூத்தவள் அழுதாள். அவளுக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அத்தைதான் பேசினார். "எனக்கு நாப்பத்தேழுல தெரிஞ்சுச்சு. ஒங்க தாத்தாவுக்குத் தெரியவே இல்ல. இவனுக்கு நாலுல தெரிஞ்சிருக்கு. அழாத ஆத்தா, நாளக் குறி."

மே மாதம் என்று முடிவாகியிருக்கிறது. மூத்தவளுக்கும் பையனுக்கும் அடுத்தடுத்து. குழந்தை அறுவையில் கைபழகியவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். முதலில் மூத்தவளின் சிறுநீர் கேன் பரிசோதனை. அதைத் தலைப்பால் மூட வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார்.